எம்.எஸ்.டபிள்யூ.வோடு பொது நிர்வாகமும் சேர்த்துப் படிக்கலாமா?

கேட்டவர் திருச்சிக்காரர். சமூகவியலில் மூன்று வருட இளங்கலை முடித்துவிட்டு, குழந்தைகள் நலத்துக்கான ஒரு என்ஜிஓவில் இரண்டு வருடமாக வேலை பார்க்கிறார். அமெரிக்காவில் சமூகப்பணி முதுகலையையும் (எம்.எஸ்.டபிள்யூ.) பொது நிர்வாக முதுகலையையும் ஒன்றாகச் சேர்த்து மூன்று வருடத்தில் தருகிறார்களே, அதற்குப் போகலாமா என்பது கேள்வி. "ரெண்டு மாஸ்டர்ஸ் இருந்தா வேலை நிச்சயம்" என்று சியாட்டிலில் இருக்கும் அத்தான் சொல்கிறாராம்.

உங்கள் நிலையில், இப்போதைக்கு வேண்டாம் என்பேன். படிப்பு மோசம் என்பதால் அல்ல. நானும் இரண்டையும் படித்தவன்தான். அமெரிக்காவில் ஒரு கவுன்டியின் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) மனித சேவைத் துறையில், தொண்டு நிறுவனங்களோடு ஒப்பந்தம் போடும் பிரிவில் வேலை பார்க்கிறேன். இரண்டு படிப்பும் அநேகமாகத் தினமும் கை கொடுக்கின்றன. ஆனால் இந்த இரட்டைப் பட்டம் ஒரு குறிப்பிட்ட மாதிரி நாற்காலிக்காக உருவானது. அதில் நீங்கள் உட்கார முடியுமா என்பதை உங்கள் மதிப்பெண்ணோ உழைப்போ முடிவு செய்யாது, விசா முடிவு செய்யும். அதனால்தான் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் இரண்டு பட்டமும் ஒரே ரகம் இல்லை. எம்.எஸ்.டபிள்யூ. லைசென்ஸுக்கான படிப்பு. அமெரிக்காவில் ஒவ்வொரு மாநிலமும் சமூகப்பணியாளருக்குத் தனி உரிமம் தருகிறது. அதற்குச் சமூகப்பணிக் கல்வி மன்றம் (சி.எஸ்.டபிள்யூ.இ.) அங்கீகரித்த படிப்பு வேண்டும். பெரும்பாலான மாநிலங்களில், உரிமம் தரும் வாரியங்களின் சங்கமான ஏ.எஸ்.டபிள்யூ.பி. நடத்தும் தேர்வையும் எழுத வேண்டும். தனியாக உட்கார்ந்து மனநல சிகிச்சை தரும் கிளினிக்கல் உரிமம் என்றால் பட்டத்துக்குப் பிறகும் மேற்பார்வையில் வேலை செய்து காட்ட வேண்டும். கலிஃபோர்னியாவில் அது 3,000 மணி நேரம். நியூயார்க்கில் குறைந்தது மூன்று வருடத்தில், வாடிக்கையாளரோடு நேரடியாக 2,000 மணி நேரம். மருத்துவமனை, பள்ளி, சிறார் பாதுகாப்பு என்று பல வேலைகளுக்கு இந்தப் பட்டம் இல்லாமல் விண்ணப்பமே போட முடியாது.

பொது நிர்வாக முதுகலைக்கு அப்படி எந்தச் சட்ட வலுவும் கிடையாது. நாஸ்பா என்ற அமைப்பு அங்கீகாரம் தருகிறது, நல்ல அமைப்புதான். ஆனால் அந்தப் பட்டம் இல்லை என்பதற்காக யாரையும் வெளியே நிறுத்த மாட்டார்கள். அதே வேலைக்கு வக்கீல் வரலாம், மேனேஜ்மென்ட் படித்தவர் வரலாம், இருபது வருடம் அதே ஆபீஸில் இருந்தவரும் வரலாம். அத்தான் கணக்கில் விட்டது இதைத்தான். இரண்டு பட்டம் என்பது இரண்டு மடங்கு வாய்ப்பு ஆகாது. ஒன்று இல்லாவிட்டால் உள்ளேயே விட மாட்டார்கள். மற்றது, உள்ளே போனபிறகு மேலே ஏற உதவும்.

அப்படியானால் இரண்டையும் சேர்த்து ஏன் ஒரு படிப்பு வைத்தார்கள்? அதற்கு இந்த நாட்டில் நலத்திட்டப் பணம் எப்படி ஓடுகிறது என்று பார்க்க வேண்டும்.

1935-ன் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தை வடிவமைத்ததில் முக்கியமானவர் ஃபிரான்சஸ் பெர்கின்ஸ், அமெரிக்க அமைச்சரவையின் முதல் பெண். சிகாகோவில் ஹல் ஹவுஸ் என்ற சமூக மையத்தில் ஏழைத் தொழிலாளர் குடும்பங்களோடு பழகியவர். 1910-ல் கொலம்பியா பல்கலையில் முதுகலை முடித்தார். அடுத்த வருடம் நியூயார்க்கில் ட்ரையாங்கிள் தையல் தொழிற்சாலை தீப்பிடித்து 146 பேர் செத்ததைக் கண்ணால் பார்த்தவர். அவரோடு நின்ற ஹாரி ஹாப்கின்ஸும் நியூயார்க்கின் ஏழைப் பேட்டையில் சமூகப்பணியாளராகத் தொடங்கியவர்தான். பின்னாளில் ரூஸ்வெல்ட் அரசின் நிவாரணத் திட்டங்களையும் பெரிய வேலைவாய்ப்புத் திட்டத்தையும் நடத்தினார். இரட்டைப் பட்டம் என்ற பெயர் வருவதற்கு முன்பே அந்தக் கலவை இருந்தது என்பதற்காகச் சொல்கிறேன்.

அப்புறம் 1967-ல் அந்தச் சட்டத்தில் திருத்தம் வந்தது. சேவைகளை அரசே தராமல் வெளி அமைப்புகளிடம் காசு கொடுத்து வாங்க வழி பிறந்தது. இன்று நிலைமை என்னவென்றால், மத்திய அரசு மாநிலத்துக்குக் கொடுக்கிறது, பல இடங்களில் மாநிலம் கவுன்டிக்குக் கொடுக்கிறது, கவுன்டி தொண்டு நிறுவனத்தோடு ஒப்பந்தம் போடுகிறது, கடைசியில் ஒரு சமூகப்பணியாளர் ஒரு வீட்டுக் கதவைத் தட்டுகிறார். ஒவ்வொரு கட்டத்திலும் வேறு விதி, வேறு படிவம். சில நிதிக்கு உச்சவரம்பு உண்டு. 1996-ல் வந்த டேனஃப் என்ற குடும்ப உதவித் திட்டத்துக்கு மத்திய அரசு ஒதுக்கிய தொகை வருடத்துக்குச் சுமார் 1,650 கோடி டாலர். விலைவாசி எவ்வளவோ ஏறியும் அந்தத் தொகை ஏறவே இல்லை. சில பணம் வேறு மாதிரி: நீ ஒரு ரூபாய் போட்டால் நான் ஒரு ரூபாய் போடுகிறேன் என்ற கணக்கு.

இந்தக் கணக்கு நடைமுறையில் எப்படி நடக்கிறது என்று வெளியில் பலருக்குத் தெரியாது. ரேண்டம் மொமென்ட் டைம் ஸ்டடி என்று ஒன்று உண்டு. ஒரு கேஸ் ஒர்க்கர், அதாவது குடும்பங்களை நேரில் கவனிக்கும் ஊழியர், யாரோ ஒரு அம்மாவிடம் பேசிக்கொண்டிருப்பார், அல்லது நீதிமன்ற வாசலில் காத்திருப்பார். திடீரென்று மின்னஞ்சல் வரும்: "இந்த நிமிடம் என்ன வேலை செய்கிறீர்கள், எந்தத் திட்டத்துக்காக?" அவர் பட்டியலில் ஒரு குறியீட்டைத் தேர்வு செய்து அனுப்ப வேண்டும். மூன்று மாதத்தில் இப்படி எல்லா ஊழியர்களிடமிருந்தும் வந்த பதில்களைக் கூட்டிச் சதவீதம் போடுவார்கள். இத்தனை சதவீதம் வளர்ப்புப் பராமரிப்பு, இத்தனை சதவீதம் மெடிக்கெய்டு என்ற ஏழைகளுக்கான மருத்துவ உதவித் திட்டம், இத்தனை எதிலும் சேராதது. மொத்தச் சம்பளச் செலவை அந்தச் சதவீதத்தில் பிரித்து மத்திய அரசிடம் பங்கு கேட்பார்கள்.

கேஸ் ஒர்க்கருக்கு அந்த மின்னஞ்சல் வெறும் தொல்லை. பாதிப் பேர் கைக்கு வந்த குறியீட்டை அழுத்திவிட்டுப் போவார்கள். கணக்குப் பிரிவுக்கோ அந்த ஒரு சொடுக்கில்தான் அடுத்த வருடம் இரண்டு பேரை வேலைக்கு எடுக்க முடியுமா என்பது இருக்கிறது. குடும்பத்தைப் பிரியாமல் காக்க அந்த ஊழியர் செய்யும் வேலை எந்தக் குறியீட்டில் வரும் என்று கணக்குப் பிரிவுக்குப் புரியாது, ஏனென்றால் அவர்கள் ஒரு வீட்டுக்கும் போனதில்லை. ஊழியருக்கு அந்தக் குறியீட்டின் அர்த்தம் புரியாது, ஏனென்றால் யாரும் சொல்லித் தந்ததில்லை. இரண்டு பக்கமும் தெரிந்த ஒருவர் நடுவில் வேண்டும். இரட்டைப் பட்டக்காரரின் நாற்காலி அதுதான். பெரிய கௌரவமான வேலை என்று யாரும் நினைக்க மாட்டார்கள், ஆனால் அவர் இல்லாத கவுன்டியில் பணம் கசிந்துகொண்டே இருக்கும்.

இன்னொரு உதாரணம், உங்கள் துறைக்கு நெருக்கமானது. 2018 பிப்ரவரியில் ஃபேமிலி ஃபர்ஸ்ட் சட்டம் வந்தது. அதுவரை டைட்டில் நாலு-இ என்ற பெரிய நிதியைக் குழந்தையை வீட்டிலிருந்து பிரித்து வளர்ப்புக் குடும்பத்திலோ விடுதியிலோ வைத்தபிறகுதான் தொட முடியும். பிரியாமல் தடுக்கும் சேவைக்கு அதில் காசு கிடையாது. புதிய சட்டம் அதை மாற்றியது. வீட்டைவிட்டுப் போகும் ஆபத்தில் இருக்கும் குழந்தையின் பெற்றோருக்கு மனநலச் சிகிச்சை, போதை மீட்பு, பிள்ளை வளர்ப்புப் பயிற்சி இவற்றுக்குப் பன்னிரண்டு மாதம் வரை மத்திய அரசு பங்கு தரும். ஆனால் நினைத்த சேவைக்கெல்லாம் தராது. ஆய்வில் பலன் நிரூபணமாகி, அரசின் ஒரு மதிப்பீட்டுப் பட்டியலில் ஏறிய திட்டங்களுக்கு மட்டும்தான்.

இப்போது ஒரு கவுன்டியில் உட்கார்ந்து யோசித்துப் பாருங்கள். பட்டியலில் இருக்கும் எந்தத் திட்டம் நம் ஊர்க் குடும்பங்களுக்குப் பொருந்தும், அதை நடத்த எவ்வளவு பயிற்சி பெற்ற ஆள் வேண்டும் என்பது எம்.எஸ்.டபிள்யூ. கேள்வி. ஒரு குடும்பத்துக்கு என்ன செலவு, நம் பங்குப் பணம் எங்கிருந்து வரும், ஒப்பந்தத்தில் என்ன எழுதினால் தொண்டு நிறுவனம் பிழைக்கும், நமக்கும் தணிக்கையில் சிக்கல் வராது என்பது பொது நிர்வாகக் கேள்வி. இரண்டையும் தனித்தனி ஆட்கள் யோசித்தால் கூட்டத்துக்கு மேல் கூட்டம் போடுவார்கள். ஒரே ஆள் யோசித்தால் ஒரு மத்தியானத்தில் முடியும். கொஞ்சம் மிகைதான், ஆனால் கொஞ்சம்தான்.

வகுப்பறையிலும் இந்த இரண்டு உலகமும் வேறு. எம்.எஸ்.டபிள்யூ.வில் பிராசஸ் ரெகார்டிங் எழுதச் சொல்வார்கள். ஒருவரோடு நடந்த பேச்சை வரிக்கு வரி எழுதி, அந்த நேரம் உன் மனதில் என்ன ஓடியது என்று பக்கத்தில் எழுத வேண்டும். தமிழ்நாட்டில் எம்.எஸ்.டபிள்யூ. படித்த தோழிகள் உங்கள் ஆபீஸில் இருந்தால் கேளுங்கள், ஃபீல்டு ஒர்க் ரிப்போர்ட் எழுதிய கதை சொல்வார்கள். பொது நிர்வாகத்தில் உன் மனதில் என்ன ஓடியது என்று யாரும் கேட்க மாட்டார்கள். பட்ஜெட், புள்ளியியல், நுண்பொருளியல், திட்ட மதிப்பீடு, ஆட்களை நிர்வகிப்பது, எல்லாவற்றையும் இரண்டு பக்கத்தில் ஒரு மேயருக்குப் புரியும்படி எழுதுவது. காலையில் ஒன்று, சாயங்காலம் மற்றது என்று மாறி மாறி எழுதியதில்தான் நான் அதிகம் கற்றேன்.

படிப்பின் அமைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வாஷிங்டன் பல்கலை, கலிஃபோர்னியாவின் யுஎஸ்சி, ஃபுளோரிடா ஸ்டேட், சாப்பல் ஹில்லில் உள்ள வட கரோலைனா பல்கலை போன்ற இடங்கள் இந்தச் சேர்க்கைக்குப் பெயர் பெற்றவை. கொலம்பியாவில் சமூகப்பணிப் பள்ளியும் சர்வதேச, பொது விவகாரப் பள்ளியும் சேர்ந்து தருவது உண்டு. ஆனால் இவை திறப்பதும் மூடுவதும் உண்டு, அந்தந்த வருட நிலவரத்தைப் பாருங்கள். தனித்தனியாகப் படித்தால் நாலு வருடம். சில பாடங்களை இரண்டு பக்கமும் கணக்கில் எடுத்துக்கொள்வதால் மூன்று வருடமாகக் குறைகிறது. இரண்டு பள்ளிக்கும் பெரும்பாலும் தனித்தனி விண்ணப்பம். ஒன்றில் இடம் கிடைத்து மற்றதில் கிடைக்காமலும் போகலாம். இரண்டுக்கும் ஒரே கட்டுரையை அனுப்பாதீர்கள். சமூகப்பணிப் பள்ளி, மனிதர்களோடு நீங்கள் எப்படி வேலை செய்தீர்கள் என்று பார்க்கும். பொது நிர்வாகப் பள்ளி, கணக்கு வருமா, எதையாவது நடத்தியிருக்கிறீர்களா என்று பார்க்கும்.

உங்கள் மூன்று வருட இளங்கலையைச் சில பல்கலைகள் ஏற்கும், சில ஏற்காது. அமெரிக்காவில் பி.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி இளங்கலை) படித்தவர்களுக்கு எம்.எஸ்.டபிள்யூ.வில் கிட்டத்தட்ட ஒரு வருடம் குறையும் சலுகை உண்டு. சமூகவியல் படித்த உங்களுக்கு அது பொருந்தாது.

இனி விசா. அத்தான் பச்சை அட்டைக்காரராகவோ குடியுரிமை பெற்றவராகவோ இருந்தால் இதெல்லாம் அவர் கண்ணில் பட்டிருக்காது.

எஃப்-1 என்ற மாணவர் விசாவில் படிப்பவருக்குப் படிப்பு முடிந்ததும் வேலை பார்க்க ஓ.பி.டி. என்று பன்னிரண்டு மாதம் தருகிறார்கள். அது பட்டத்துக்கு ஒன்று அல்ல, கல்வி நிலைக்கு ஒன்று. இரண்டும் முதுகலை என்பதால் இரண்டு பட்டத்துக்கும் சேர்த்து ஒரே ஒரு ஓ.பி.டி.தான். கம்ப்யூட்டர், பொறியியல்காரர்களுக்கு மேலும் 24 மாதம் நீட்டிப்பு கிடைக்கும். சமூகப்பணிக்கு அது இல்லை, வழக்கமான பொது நிர்வாகத்துக்கும் இல்லை. புள்ளிவிவரம் அதிகமுள்ள சில பொதுக் கொள்கைப் படிப்புகளை மட்டும் அந்த வகையில் சேர்த்திருக்கிறார்கள். ஆக ஒரு வருடம் கூடுதலாகப் படித்து, ஒரு வருடக் கட்டணமும் கூடுதலாகக் கட்டி, கடைசியில் வெறும் எம்.எஸ்.டபிள்யூ. படித்தவருக்குக் கிடைக்கும் அதே பன்னிரண்டு மாதத்தோடு நிற்பீர்கள்.

இதில் ஒரு கண்ணியும் இருக்கிறது, இரட்டைப் படிப்புக்காரர்கள் மாட்டுவது. எம்.எஸ்.டபிள்யூ.வில் குறைந்தது 900 மணி நேரம் ஃபீல்டு பிளேஸ்மென்ட் என்ற களப்பயிற்சி கட்டாயம். பல பள்ளிகளில் அதற்கும் மேலே. வெளி அமைப்பில் செய்வதால், படிக்கும்போதே வேலை செய்ய விடும் சி.பி.டி. என்ற அனுமதியில்தான் செய்ய வேண்டும். வாரத்துக்கு 20 மணி நேரத்துக்குள் என்றால் பகுதி நேரம், பிரச்சினை இல்லை. 21, 24 என்று போனால் முழு நேரக் கணக்கு. முழு நேர சி.பி.டி. பன்னிரண்டு மாதம் ஆகிவிட்டால் ஓ.பி.டி. மொத்தமாகப் போய்விடும். வெறும் எம்.எஸ்.டபிள்யூ. என்றால், இரண்டாம் வருடம் செப்டம்பரிலிருந்து மே வரை முழு நேரக் கணக்கில் போனாலும் ஒன்பது மாதத்தில் தப்பித்துவிடலாம். இரட்டைப் படிப்பில் பொது நிர்வாகப் பக்கத்துக்கு ஒரு கோடைக்கால இன்டர்ன்ஷிப்பும் சேரும். ஒன்பதும் மூன்றும் பன்னிரண்டு. இரண்டு பள்ளியின் ஆலோசகர்களும் தங்கள் பங்கை மட்டும்தான் பார்ப்பார்கள், கூட்டிப் பார்ப்பது உங்கள் வேலை. சர்வதேச மாணவர் அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்கிவிட வேண்டும்.

பிளேஸ்மென்ட்டுக்குப் பெரும்பாலும் சம்பளம் கிடையாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம் வேலை பார்த்துச் செலவைச் சமாளிக்கலாம் என்று பலர் கணக்குப் போடுகிறார்கள். வகுப்பும் பிளேஸ்மென்ட்டும் போக அந்த 20 மணி நேரம் எங்கே இருக்கிறது? வீடு வீடாகப் போகும் பிளேஸ்மென்ட் என்றால் காரும் ஓட்டுநர் உரிமமும் வேண்டும்.

ஓ.பி.டி.க்குப் பிறகு? சமூகப்பணியாளர்களை வேலைக்கு எடுக்கும் சிறு தொண்டு நிறுவனங்கள் எச்1பி வேலை விசாவுக்கு ஸ்பான்சர் செய்வது அபூர்வம். வக்கீல் கட்டணமே அவர்களுக்குப் பாரம். 2025 செப்டம்பரில் புதிய எச்1பி விண்ணப்பங்களுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று அதிபர் அறிவிப்பு வந்தது. அது எல்லோருக்கும் பொருந்துவதில்லை என்றாலும், விதிவிலக்குகளைப் படித்துப் பார்த்து ஆள் எடுக்கிற பொறுமை ஒரு பத்துப் பேர் நிறுவனத்துக்கு எங்கே இருக்கும்? பல்கலைக்கழகங்களும் அவற்றோடு இணைந்த மருத்துவமனைகளும், மற்றவர்கள் போக வேண்டிய குலுக்கலுக்கு வெளியே எச்1பி போட முடியும். சமூகப்பணியாளருக்கு நம்பிக்கையான வழி அதுதான், ஆனால் அங்கே தேவை கிளினிக்கல் எம்.எஸ்.டபிள்யூ. மட்டுமே. பொது நிர்வாகப் பட்டத்துக்கு இயல்பான இடமான அரசு வேலையோ, மத்திய அரசில் அநேகமாகக் குடிமக்களுக்கு மட்டும். 1977-ல் கார்ட்டர் காலத்தில் தொடங்கி, பொது நிர்வாகம் படித்தவர்களை மத்திய அரசுக்குள் கொண்டுபோன பிரசிடென்ஷியல் மேனேஜ்மென்ட் ஃபெல்லோஸ் திட்டத்தையும் 2025 பிப்ரவரியில் நிறுத்திவிட்டார்கள். கவுன்டிகளும் ஸ்பான்சர் செய்வது குறைவு. நான் மேலே சொன்ன அந்த நடு நாற்காலி கவுன்டியிலும் மாநிலத்திலும்தான் இருக்கிறது. விசாதான் முடிவு செய்யும் என்று முதலில் சொன்னதன் காரணம் இதுதான்.

செலவு. தனியார் பல்கலையில் மூன்று வருடக் கட்டணம் மட்டும் ஒரு லட்சம் டாலரைச் சுலபமாகத் தாண்டும். யுஎஸ்சியின் ஆன்லைன் எம்.எஸ்.டபிள்யூ.வுக்கு 1,15,000 டாலர் ஆகிறது, படித்தவர்கள் கடனில் தவிக்கிறார்கள் என்று 2021-ல் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் எழுதியபோது பெரிய சர்ச்சையானது. அது ஒற்றைப் பட்டத்துக்கே. சம்பளம் என்று பார்த்தால் 2024 நிலவரப்படி சமூகப்பணியாளர்களின் இடைநிலை வருட ஊதியம் 61,000 டாலருக்குக் கொஞ்சம் மேல், சமூக சேவை மேலாளர்களுக்கு 78,000 சுமார். அந்தப் பதினேழாயிரம் வித்தியாசத்தைக் காட்டித்தான் இரட்டைப் பட்டத்தை விற்கிறார்கள். அதில் பட்டத்தின் பங்கு கொஞ்சம், அனுபவத்தின் பங்கு அதிகம். இருபத்தைந்து வயதில் இரண்டு பட்டத்தோடு வந்தவரை யாரும் மேலாளராக உட்கார வைப்பதில்லை. அவரும் முதலில் கேஸ் ஃபைலைத்தான் தூக்க வேண்டும்.

இதை வாசிக்கும் அமெரிக்காவிலேயே பிறந்த பிள்ளைகளுக்கும் பச்சை அட்டைக்காரர்களுக்கும் கணக்கு வேறு, அதையும் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு இந்தப் படிப்பு பொருந்தலாம். முக்கியமாக, அரசு சிறார் நலத்துறையில் வேலை செய்வதாக ஒப்புக்கொள்ளும் எம்.எஸ்.டபிள்யூ. மாணவர்களுக்கு டைட்டில் நாலு-இ நிதியில் உதவித்தொகை உண்டு. கலிஃபோர்னியாவில் 1990-ல் உருவான கால்ஸ்வெக் என்ற கூட்டமைப்பு வழியாகத் தருகிறார்கள். அரசு அல்லது லாப நோக்கற்ற வேலையில் 120 மாதத் தவணை கட்டினால் மீதி மத்திய அரசுக் கடன் தள்ளுபடியாகும் 2007-ன் திட்டமும் இருக்கிறது. ஆனால் 2025 ஜூலையில் வந்த சட்டத்தால் 2026 ஜூலை முதல் புதிதாகச் சேரும் சாதாரண முதுகலை மாணவருக்கு மத்திய அரசுக் கடன் வருடத்துக்கு 20,500 டாலர்தான். மூன்று வருடத்துக்கு 61,500. தனியார் பல்கலையின் கட்டணத்தில் இது எவ்வளவு என்று நீங்களே கழித்துப் பாருங்கள். உங்கள் மாநிலத்தின் அரசுப் பல்கலையில் என்றால் யோசிக்கலாம். அதைவிட நல்லது, நான் இங்கே அதிகம் பார்ப்பது: எம்.எஸ்.டபிள்யூ. முடித்து ஐந்தாறு வருடம் வேலை பார்த்துவிட்டு, ஆபீஸ் தரும் படிப்புச் சலுகையில் சாயங்கால வகுப்பாகப் பொது நிர்வாகம் படிப்பது. பட்ஜெட் வகுப்பில் அவர்கள் கேட்கும் கேள்விகளே வேறு தரம்.

மறுபடி திருச்சிக்கு வருகிறேன். உங்களுக்கு என் யோசனை: எம்.எஸ்.டபிள்யூ.வை ஊரிலேயே படியுங்கள். 1952-லிருந்து நடக்கும் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் ஒர்க் இருக்கிறது, லயோலா இருக்கிறது, மும்பையில் டாட்டா சமூக அறிவியல் கல்வி நிறுவனம் இருக்கிறது (1936-ல் அதைத் தொடங்கி நடத்திய க்ளிஃபர்ட் மான்ஷார்ட் ஒரு அமெரிக்கர், நாக்பாடா சேரியில் அக்கம்பக்கத்து மையம் நடத்தியவர். இந்தத் துறையில் அமெரிக்கத் தொடர்பு பழையது). இந்தியாவில் சமூகப்பணி முழுவதற்கும் பொதுவான லைசென்ஸ் என்ற ஏற்பாடு இல்லாததால், அமெரிக்க எம்.எஸ்.டபிள்யூ. வாங்கி வந்தாலும் ஊரில் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிலோ கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு (சிஎஸ்ஆர்) பிரிவிலோ அதற்கென்று தனி மரியாதை அதிகம் இல்லை. பின்னாளில் கல்யாணமாகியோ வேறு வழியிலோ அமெரிக்காவில் குடியேற நேர்ந்தால், உங்கள் இந்தியப் பட்டத்தைச் சி.எஸ்.டபிள்யூ.இ. மதிப்பிட்டு அமெரிக்கப் பட்டத்துக்குச் சமம் என்று சான்று தரும் சேவை உண்டு. சான்று கிடைத்தால் பல மாநிலங்களில் உரிமத்துக்கு விண்ணப்பிக்கலாம், இன்னொரு எம்.எஸ்.டபிள்யூ. தேவையில்லை. அதனால் ஃபீல்டு ஒர்க் மணிக்கணக்கு, பாடத்திட்டம் எல்லாவற்றையும் பத்திரமாக வையுங்கள். வருடங்கள் கழித்துக் கல்லூரியில் போய்க் கேட்டால் கிடைப்பது கஷ்டம்.

கூடவே இக்னோ மாதிரி தொலைநிலையில் எம்.ஏ. பொது நிர்வாகமும் சேர்ந்துவிடலாமா என்று அடுத்து கேட்பீர்கள். 2022 ஏப்ரலில் யுஜிசி இரண்டு பட்டங்களை ஒரே நேரத்தில் படிக்க அனுமதித்துவிட்டது, விதிப்படி தடையில்லை. ஆனால் இந்தியப் பொது நிர்வாகப் பாடம் வெபர், சைமன், ரிக்ஸ் போன்ற அறிஞர்களின் கோட்பாடு, அரசியலமைப்பு, உள்ளாட்சி என்று போகும். யுபிஎஸ்சி விருப்பப் பாடமாக எடுக்கிறவருக்கு நல்லது. ஒரு திட்டத்துக்குப் பட்ஜெட் போடவோ மானிய விண்ணப்பம் எழுதவோ அதில் கற்க முடியாது. சிவில் சர்வீஸ் எண்ணம் இல்லையென்றால் அந்தப் பணத்தில் எக்செலும் புள்ளியியலும் ஒழுங்காகக் கற்றுக்கொள்ளுங்கள். உங்கள் என்ஜிஓவில் கணக்காளர் பக்கத்தில் உட்கார்ந்து, வெளிநாட்டு நன்கொடைக்கான எஃப்சிஆர்ஏ கணக்கு எப்படி எழுதுகிறார், பணம் எதற்குச் செலவானது என்ற யூட்டிலைசேஷன் சர்டிஃபிகேட் நன்கொடையாளருக்கு எப்படிப் போகிறது என்று பாருங்கள். பொது நிர்வாகத்தின் பாதி அங்கேயே இருக்கிறது.

அதற்கப்புறமும் அமெரிக்கப் பொது நிர்வாகப் படிப்பு வேண்டும் என்று தோன்றினால், ஃபுல்பிரைட்-நேரு மாஸ்டர்ஸ் ஃபெல்லோஷிப் என்ற உதவித்தொகையைக் குறி வையுங்கள். அதன் துறைப் பட்டியலில் பொது நிர்வாகம் இருந்து வருகிறது. நாலு வருட இளங்கலைக்குச் சமமான படிப்பு கேட்பார்கள். உங்கள் மூன்று வருடப் பட்டத்தோடு இந்திய எம்.எஸ்.டபிள்யூ. சேர்ந்தால் அந்தக் குறை தீரும். குறைந்தது மூன்று வருடச் சம்பள வேலை அனுபவமும் வேண்டும். ஏற்கெனவே இரண்டு வருடம் இருக்கிறது, எம்.எஸ்.டபிள்யூ.வுக்குப் பிறகு இன்னும் ஒன்று போதும். கட்டணமும் தங்கும் செலவும் அவர்களுடையது. முடித்ததும் இரண்டு வருடம் ஊர் திரும்பி இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. உங்கள் வேலை தமிழ்நாட்டுக் குழந்தைகளோடுதான் என்றால் அது ஒரு தண்டனையே இல்லை. இரண்டு பட்டமும் வந்துவிடும், கடன் இல்லாமல், நடுவில் அனுபவத்தோடு.

விண்ணப்பம் வழக்கமாக மே மாதம் மூடும், அறிவிப்பைச் சில மாதம் முன்பே பார்த்து வையுங்கள், விதிகள் மாறலாம். இப்போதே செய்யக்கூடிய ஒரு வேலை உண்டு: என்ஜிஓவிலிருந்து நியமனக் கடிதமும் மாதச் சம்பளச் சீட்டும் வாங்கிக் கோப்பில் போடுங்கள். கையில் ரொக்கமாகச் சம்பளம் தருகிற இடமென்றால், இந்த மாதத்திலிருந்தே வங்கிக் கணக்கில் போடச் சொல்லிக் கேளுங்கள்.